ஜெபமும் ஜிம்மும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்ட விஷயம் இது. எங்கள் சபையில் மூன்று மாதமாக ஒரே சூடான பேச்சு. புது ஆலயம் கட்டுவதோ, தேர்தலோ இல்லை. உடற்பயிற்சி!

ஆலய வளாகத்துக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருக்கிறது. இரண்டு வேப்ப மரம், ஒரு பழைய ஷட்டில் கோர்ட், அவ்வளவுதான். வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் கமிட்டிக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 5.45 முதல் 6.45 வரை அந்த இடத்தைத் திறந்துவிட வேண்டும். நடை, கை கால் நீட்டும் பயிற்சி, ஷட்டில். சபையாருக்கு மட்டுமில்லை, தெருவில் உள்ள எல்லாருக்கும். கடிதத்தின் கடைசி வரியில் ‘இது ஒரு ஊழியமாக இருக்கும்’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியில்தான் கமிட்டி மூன்றாகப் பிரிந்தது.

முதல் கட்சி: “கோவில் வளாகம் ஜெபத்துக்குய்யா. ஓடுறதுக்கும் குதிக்கிறதுக்கும் பரேட் கிரவுண்ட் இருக்கு.” இதைச் சொன்னவர் நாசரேத்துக்கார அண்ணாச்சி. சரீர முயற்சியால் கொஞ்ச லாபம்தான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை எடுத்து வைத்தார். (கொஞ்சம் லாபம் இருக்கிறது என்றும் அதற்கு அர்த்தம் உண்டே அண்ணாச்சி என்று நான் சொல்லவில்லை. வயதுக்கு மரியாதை!)

இரண்டாவது கட்சி: “நல்ல வாய்ப்பு. வர்றவங்களுக்குக் கடைசியில பத்து நிமிஷம் செய்தி கொடுக்கலாம். கையில ஒரு கைப்பிரதி. போன் நம்பரை வாங்கி வச்சா வீடு சந்திக்கலாம்.”

மூன்றாவது கட்சி: “நம்ம ஆளுங்களுக்கு மட்டும் போதும். காலம் சரியில்ல. வெளி ஆளை உள்ள விட்டா நாளைக்கு வம்பு.”

நான் பொருளாளர். வங்கியில் வேலை பார்ப்பவன் என்றால் சபையில் இந்தப் பதவி தானாக வந்து தலையில் உட்காரும். திட்டச் செலவோடு கருத்தையும் எழுதிக் கொடுங்கள் என்று குருவானவர் சொல்லிவிட்டார். செலவு அரை மணி நேர வேலை. கருத்துக்குத்தான் நிறையப் படிக்க வேண்டியிருந்தது.

இது புதுசு இல்லை

ஆலயமும் உடற்பயிற்சியும் சேர்வது ஏதோ அமெரிக்க ஃபேஷன் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நாம் பள்ளிக்கூடத்தில் ஆடிய ஆட்டங்களில் இரண்டு இந்த வழியில்தான் வந்தன.

1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற ஜவுளிக்கடை ஊழியர் நண்பர்களோடு சேர்ந்து ஒய்.எம்.சி.ஏ.வை ஆரம்பித்தார். கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பிழைக்க வந்து, கடையிலேயே வேலை செய்து அங்கேயே தூங்கிய இளைஞர்களுக்காக. ஆரம்பத்தில் ஜெபமும் வேத பாடமும்தான். உடற்பயிற்சிக் கூடமெல்லாம் பிறகு வந்தது. 1891-ல் லூதர் குலிக் என்பவர் உடல், மனம், ஆவி மூன்றையும் குறிக்கும் முக்கோணத்தை அதற்கு அடையாளமாக முன்வைத்தார். அதே ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் உள்ளேயே ஆட ஒரு ஆட்டம் கண்டுபிடி என்று அவர் சொல்ல, ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடையை மாட்டி 13 விதிகளோடு உருவாக்கியதுதான் கூடைப்பந்து. நெய்ஸ்மித் இறையியல் படித்தவர். 1895-ல் பக்கத்து ஊரான ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் கைப்பந்தைக் கொண்டுவந்தார். நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் வாலிபால் வலை கட்டாத இடம் எது?

சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. 1890-ல் டேவிட் மெக்கானகி என்ற அமெரிக்கரால் தொடங்கப்பட்டது. 1919-ல் ஹாரி குரோ பக் வந்தார். அவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1920-ல் அவர் ஆரம்பித்த உடற்கல்விப் பள்ளிதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்தியத் தடகள அணியைக் கூட்டிக்கொண்டு போன மேனேஜரும் இவர்தான். சென்னையிலிருந்து தடை ஓட்டத்துக்குப் போன சி.கே. லக்ஷ்மணன் அந்த அணியில் ஒருவர். பக் 1943-ல் சென்னையிலேயே காலமானார். கையில் விசிலும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக நம்மை மிரட்டிய பி.டி. வாத்தியார்களில் எத்தனை பேர் அந்த நந்தனம் மைதானத்தில் பயிற்சி எடுத்தவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. மதம் மாறினால்தான் சான்றிதழ் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள்

வரலாறு நம் பக்கம் மட்டும் பேசாது. நான் படித்ததில் இரண்டு விஷயம் யோசிக்க வைத்தது.

ஒன்று, காஷ்மீர். டிண்டேல் பிஸ்கோ என்ற மிஷனரி 1890-ல் ஸ்ரீநகர் மிஷன் பள்ளிக்கு வந்தார். மறுவருடம் ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்தார். பள்ளியில் படித்தவர்கள் பெரும்பாலும் பண்டிதர் வீட்டுப் பிள்ளைகள். தோலைத் தொட மாட்டோம் என்றார்கள். மனிதர் விடவில்லை. ஆசிரியர்கள் கையில் கம்பைக் கொடுத்துப் பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டி ஆட வைத்தார். பிறகு அதே பள்ளிப் பிள்ளைகள் நீச்சலும் படகும் கற்று, வெள்ளத்தில் மாட்டியவர்களைக் காப்பாற்றினார்கள், காலரா காலத்தில் தெரு சுத்தம் செய்தார்கள். அவர் 1947 வரை அங்கே இருந்தார். கிறிஸ்தவர் ஆனவர்கள் மிகச் சொற்பம். இதைத் தோல்வி என்று எழுதியவர்களும் உண்டு, பெரிய வெற்றி என்று எழுதியவர்களும் உண்டு. அந்தக் கம்பை நாம் கையில் எடுக்கக் கூடாது என்பது என் முடிவு. வெள்ளத்தில் இறங்கிய அந்தப் பிள்ளைகளை வெறும் எண்ணிக்கையை வைத்து எடை போடவும் எனக்கு மனசு வரவில்லை.

இரண்டாவது, இங்கிலாந்து. நம் வீட்டுப் பிள்ளைகள் ராத்திரி கண் விழித்துப் பார்க்கும் கால்பந்து அணிகளில் சில, ஆலயத்தில் பிறந்தவை. எவர்டன் 1878-ல் செயின்ட் டொமிங்கோ மெதடிஸ்ட் சபையில். மான்செஸ்டர் சிட்டி 1880-ல் வெஸ்ட் கார்டன் செயின்ட் மார்க்ஸ் ஆலயத்தில். வேலையில்லாமல் குடியிலும் தெருச் சண்டையிலும் கிடந்த ஆண்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அங்கிருந்த குருவானவரின் மகள் ஆனா கானல் எடுத்த முயற்சியில் முளைத்தது என்று சொல்வார்கள். இன்று அந்த அணிகளின் பெயர் உலகத்துக்கே தெரியும். ஆலயத்தின் பெயர் யாருக்குத் தெரியும்? ஆட்டம் மட்டும் நின்று, ஆரம்பித்த காரணம் மறந்து போகலாம். நாசரேத் அண்ணாச்சியின் பயம் இதுதான். அதில் நியாயம் இருக்கிறது.

முதலில் நம் தொப்பை

அமெரிக்காவில் சமீப காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது டேனியல் பிளான். கலிஃபோர்னியாவில் சேடில்பேக் சபையின் போதகர் ரிக் வாரன் 2011-ல் ஆரம்பித்தது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, இந்த ஜனங்கள் எவ்வளவு கனமாக இருக்கிறார்கள் என்று உறைத்ததாம். கூடவே தானும் அப்படித்தான் என்று உறைத்ததாம்! முதல் வருடத்தில் சுமார் 15,000 பேர் சேர்ந்து மொத்தம் 2.5 லட்சம் பவுண்டு எடை குறைந்ததாக அந்தச் சபை கணக்குச் சொன்னது. சபை தந்த கணக்குதான், ஆடிட் ரிப்போர்ட் இல்லை. ஆனால் போதகர் முதலில் தன் எடையைச் சொன்னார் என்பது எனக்குப் பிடித்தது.

நம் கதையைப் பார்ப்போம். சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்த ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை, கமிட்டி, பாடகர் பயிற்சி எல்லாம் சேர்த்தால் 150 நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தே இருக்கிறோம். அறுப்பின் பண்டிகைக்கு அசன விருந்து, ஆண்டு விழாவுக்கு பிரியாணி, கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் முறுக்கும். ஜெபக் குறிப்பில் பாதி சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால் வலி. இதற்காக முழங்காலில் நின்று ஜெபிக்கவும் முடியவில்லை, முழங்கால் வலி!

சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் சிரிப்பில்லை. போன வருடம் எங்கள் சபையில் ஐம்பது வயது தாண்டாத இரண்டு பேரை மாரடைப்பில் பறிகொடுத்தோம். இரண்டு பேரும் குடும்பத்தோடு பிழைக்க இங்கே வந்தவர்கள். அவர்களுடைய மனைவிமாருக்குத் தெலுங்கு சரியாகப் பேச வராது. ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ், வங்கி என்று நாங்கள்தான் கூட அலைந்தோம். ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பத்தில் சம்பாதிப்பவர் படுத்தால் தாங்கிப் பிடிக்க மாமன் மச்சான் பக்கத்தில் இல்லை என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அக்காமார் விஷயம் தனி. காலையில் தெருவில் நடக்கப் பயம். நாய் பயம், செயின் பறிப்பு பயம். சேலையோடு ஷூ போட்டால் யாராவது சிரிப்பார்களோ என்ற கூச்சம். கதவு போட்ட வளாகம் கிடைத்தால் நாளைக்கே வருவோம் என்று பெண்கள் ஐக்கியத்தில் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

‘அதுக்கு அப்புறம் என்ன?’

இனிமேல்தான் உண்மையான சிக்கல்.

எங்கள் சந்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தெலுங்குக்காரர், நெற்றியில் எப்போதும் குங்குமம். லாலாகூடா ஒர்க்‌ஷாப்பில் தமிழர்களோடு வேலை பார்த்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. பால் பூத்தில் பிடித்துக்கொண்டார்.

“சார், உங்க சர்ச்சுல எக்சர்சைஸ் ஆரம்பிக்கிறீங்களாமே. நாங்களும் வரலாமா?”

“வரலாம்னுதான் பேச்சு ஓடுது சார்.”

“சந்தோஷம். வந்தா, அதுக்கு அப்புறம் என்ன?”

கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் இந்தக் கேள்விக்கு ஒளிவு மறைவில்லாத பதில் இல்லாவிட்டால் கதவைத் திறக்கவே கூடாது என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. வாடிக்கையாளர் லாக்கர் கேட்டு வருவார், அவர் தலையில் ஒரு இன்சூரன்ஸ் பாலிசியைக் கட்டுவார்கள். எந்த வங்கியிலும் இந்தக் கதை கேட்டிருப்பீர்கள். அந்த மாதம் டார்கெட் முடிந்துவிடும். அந்த வாடிக்கையாளர் அதற்குப் பிறகு நம் முகத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது வருடக்கணக்கில் மாறாது. நடைப்பயிற்சி என்று கூப்பிட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தவரிடம் கைப்பிரதியை நீட்டினால் அதுவும் இந்த ரகம்தான். சுவிசேஷத்தை அப்படி விற்க வேண்டிய அவசியம் இல்லை என்று நம்புகிறவன் நான்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004-ல் திரும்பப் பெறப்பட்டது ஞாபகம் இருக்கும். பலவந்தம், மோசடியோடு ‘ஆசை காட்டுதல்’ என்ற வார்த்தையும் அதில் இருந்தது. வேறு பல மாநிலங்களில் இது போன்ற சட்டங்கள் உண்டு. ஆசை காட்டுவது என்றால் எது என்று வக்கீல்கள் வாதாடட்டும். பால் பூத்தில் நின்ற பெரியவருக்கு அது ஒரு நொடியில் புரிந்துவிடும். நாம் பயப்பட வேண்டியது அவருடைய அந்தச் சிரிப்புக்குத்தான்.

தோர்ணக்கல் வரை போன ஒரு தமிழர்

மூன்றாவது கட்சிக்கு, அதாவது ‘நம்ம ஆளுங்களுக்கு மட்டும்’ என்பவர்களுக்கு, நான் சொல்ல நினைப்பது ஒருவருடைய கதை. செகந்திராபாத்திலிருந்து காஸிபேட், வாரங்கல் வழியாக விஜயவாடா போகும் ரயிலில் தோர்ணக்கல் என்று ஒரு ஜங்ஷன் வரும். அங்கே பேராயராக இருந்தவர் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர், 1912-ல் அபிஷேகம். அவர் பேராயர் ஆவதற்கு முன் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? 1895-லிருந்து 1909 வரை ஒய்.எம்.சி.ஏ. செயலாளர்!

1909-ல் அவர் நிஜாம் சீமைக்கு வந்தபோது தெலுங்கு அவருக்கு அந்நிய பாஷை. கற்றுக்கொண்டார். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னால் நின்று, நீங்கள் எங்களுக்காக எத்தனையோ கொடுத்திருக்கிறீர்கள், இப்போது நண்பர்களாக வாருங்கள் என்ற அர்த்தத்தில் பேசினார். மண்டபத்தில் பலருக்கு அது கசந்தது. 1945 ஜனவரி முதல் தேதி தோர்ணக்கலிலேயே இறந்தார்.

நாம் இந்த ஊருக்கு வந்து எத்தனை தலைமுறை? 1806-ல் செகந்திராபாத் என்று பெயர் வைத்த காலத்திலிருந்து கன்டோன்மென்டுக்கு மதராஸ் படைகளோடு தமிழர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அப்புறம் ரயில்வே, வங்கி, இப்போது கம்ப்யூட்டர். ஆனால் எங்கள் சபையில் பலருக்கு ஆலயத்துக்கு இடது பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. தமிழ் ஆராதனை, தமிழ்ப் பாட்டு, தமிழ்ச் சாப்பாடு, வீடு. அது நமக்கு ஊர் வாசனை, அதை விடச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் ஆங்கில ஆராதனைக்குப் போய்விட்டார்கள், பெஞ்சு வருடா வருடம் காலியாகிறது. தெருவோடு பேசாத சபைக்கு இந்த ஊரில் என்ன வேலை என்ற கேள்வியை அந்தப் பிள்ளைகளின் கடிதம் கேட்காமல் கேட்டிருக்கிறது.

நான் எழுதிக் கொடுத்தது

கடைசியில் கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பு இதுதான்:

1. வாசலில் தமிழ், தெலுங்கு, ஆங்கிலத்தில் போர்டு. இதை நடத்துவது இந்தச் சபை என்று தெளிவாக இருக்க வேண்டும். ஒளிப்பது கூடாது. எல்லாரும் வரலாம், கட்டணம் இல்லை.

2. அந்த ஒரு மணி நேரத்தில் பிரசங்கம் இல்லை, கைப்பிரதி இல்லை. 5.30-க்குச் சபையார் ஜெபிக்க விரும்பினால் ஆலயத்துக்குள் ஜெபித்துவிட்டு வரட்டும். யாராவது அவர்களாக விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லலாம், கேட்காவிட்டால் ஷட்டில் ஆடலாம்.

3. போன் நம்பர், விலாசம் சேகரிக்கக் கூடாது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற ஒரு நம்பர் போதும். அது வேறு எதற்கும் பயன்படக் கூடாது.

4. பயிற்சியைச் சொல்லித் தருபவர் உடற்கல்வி படித்தவராக இருக்க வேண்டும். யூடியூப் பார்த்த தம்பி போதாது. நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும். மாதம் ஒரு முறை ரத்த அழுத்தம் பார்க்கலாம். சபையில் இரண்டு நர்ஸ் அக்காமார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

5. வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கு மட்டும். சிறு பிள்ளைகள் வந்தால் பெரியவர் இருவராவது கூட இருக்க வேண்டும்.

6. பயிற்சியில் பேசும் மொழி தெலுங்கு. நமக்குத் தடுமாறும். தடுமாறட்டும், நாம்தானே வந்தவர்கள்.

7. செலவு: இரண்டு விளக்கு, பி.பி. மெஷின், முதலுதவிப் பெட்டி, பயிற்சியாளருக்கும் வாட்ச்மேனுக்கும் சிறு தொகை. வருடத்துக்கு 60,000 ரூபாய்க்குள். போன ஆண்டு விழா பிரியாணி இதைவிட அதிகம். கணக்கு தனியாக, நோட்டீஸ் போர்டில் எல்லாரும் பார்க்கும்படி.

8. ஒரு வருடம் கழித்து ‘எத்தனை பேர் சபையில் சேர்ந்தார்கள்’ என்று கமிட்டி கேட்கக் கூடாது. எத்தனை அண்டை வீட்டார் பெயர் நமக்குத் தெரியும், எத்தனை பேர் நம் வீட்டு துக்கத்துக்கு வந்தார்கள், நாம் எத்தனை பேர் வீட்டுக்குப் போனோம் என்று கேட்கலாம்.

எட்டாவது குறிப்பில் இரண்டாவது கட்சி என்மேல் பாய்ந்துவிட்டது. “அப்ப இது ஊழியமே இல்லையே, சமூக சேவைதானே? இதுக்கு ஏன் காணிக்கைப் பணம்?” என்றார் ஒரு தம்பி. வெறும் வாதத்துக்குக் கேட்கவில்லை, ஆத்தும பாரத்தோடு கேட்டார். சொல்லாமலே இருந்துவிட்டால் சாட்சி எங்கே என்பது பெரிய கேள்வி. ஆலயத்தை மறந்த அந்தக் கால்பந்து அணிகள் அவர் பக்கத்துக்கு ஆதாரம்.

என் பதில் இதுதான். போர்டில் நம் பெயர் இருக்கிறது. நாம் யார், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு வருடம் தினமும் பக்கத்தில் நடந்த மனுஷனுக்கு, நம்முடைய விசுவாசத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றினால் கேட்பார். தோன்றாவிட்டால், அவருக்குச் சர்க்கரை குறைந்திருக்கும், நமக்கும் குறைந்திருக்கும். அதிலும் எனக்குச் சந்தோஷம்தான். நல்ல சமாரியன் அடிபட்டவனிடம் விலாசம் வாங்கிக்கொண்டு போனதாக நான் படித்ததில்லை.

தம்பி முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. நாசரேத் அண்ணாச்சி மட்டும், “ஞாயித்துக்கிழமை கேட்டப் பூட்டிருவியளா?” என்று கேட்டார். ஞாயிறு ஆராதனை மட்டும்தான் அண்ணாச்சி என்றேன். “அப்ப சரி, நானும் ஒரு ரவுண்டு வாரேன். டாக்டர் நடக்கச் சொல்லி ரெண்டு வருசம் ஆச்சு” என்றார்.

அடுத்த மாதம் ஓட்டெடுப்பு. ஜெயிக்குமா தெரியாது. பால் பூத் பெரியவரிடம் அந்த எட்டுக் குறிப்பையும் வாசித்துக் காட்டினேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, தன் மனைவிக்கும் முழங்கால் வலி, பெண்கள் நாள் எது என்று கேட்டார்.

துபாய், சிங்கப்பூர், மும்பை, பெங்களூர் என்று இருக்கும் நண்பர்களே, உங்கள் சபைகளில், கோவில்களில், சங்கங்களில் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? தெருக்காரர்கள் வந்தார்களா, வந்தவர்கள் நின்றார்களா? எழுதுங்கள். ஓட்டெடுப்புக்கு முன்னால் எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.